எச்சில் கடிகாரம்

பல் போன வாய்க்கு இப்படி ஒரு கிராக்கி வரும் என்று எவனாவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், ஐகோர்ட்துரை அவனைக் கிறுக்கன் என்றிருப்பார். ஆனால் வந்துவிட்டது. 2042-ஆம் வருஷத்தில் தூத்துக்குடிப் பக்கம் முழு வாயும் பொக்கையாக ஓர் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஈறில் விதை ஊன்றினால் ஆறு மாதத்தில் பல் முளைக்கிற காலம் அது. ஊன்றிக்கொள்ளப் பயந்தவர்களும், டாக்டர் என்றாலே கழுத்தறுப்பவன் என்று நினைப்பவர்களும்தான் பொக்கையாக மிஞ்சியிருந்தார்கள். ஐகோர்ட்துரை இரண்டாவது ரகம்.

காலம் மாறினாலும் பல் படிப்பின் சட்டம் மாறவில்லை. கடைசி வருஷப் பரீட்சைக்கு உட்கார வேண்டுமானால், பொக்கை வாய் ஒன்றுக்கு மேலும் கீழும் முழுப் பல்செட் செய்து மாட்டிக் காட்ட வேண்டும். அதற்கு ஆள் பிடிப்பது மாணவர்களின் பொறுப்பு. பஸ் ஸ்டாண்டிலும் ரேஷன் கடையிலும் நின்று யார் வாயைத் திறந்து சிரிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். சிரித்தவன் மாட்டினான்.

ஐகோர்ட்துரை சிரிக்கிற ஆள் இல்லை. கொட்டாவி விட்டதில் மாட்டிக்கொண்டார்.

பிடித்தவள் பெயர் தன்யஸ்ரீ. சாத்தூர்க்காரி, வயது இருபத்து மூன்று. குச்சி மாதிரி உடம்பு, கணீரென்ற குரல். தினமும் காலை ஏழரைக்கு போன் அடித்துவிடுவாள்.

"தாத்தா, சாப்பிட்டீங்களா? இன்னைக்கு மறக்காம வந்துருங்க."

"ஒனக்கு நான் எந்த வழியில தாத்தா? என் பிள்ளைகளே இப்படி வெசாரிச்சதில்ல. ஒனக்கு என்ன வேணும், அதச் சொல்லு."

"உங்க வாய்தான் வேணும்."

இந்த பதில் அவருக்குப் பிடித்துப்போனது. நாற்பது வருஷம் உப்பு லாரிகளுக்கு டீசல் மெக்கானிக்காக இருந்தவர். பாசமாகப் பேசி வண்டியைக் கொண்டுவருகிறவன் பாதிக்குப் பாதி எதையோ மறைக்கிறவன் என்பது அவர் கண்ட உண்மை. இவள் எதையும் மறைக்கவில்லை. தன் காரியத்துக்கு வந்திருக்கிறேன் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்தாள். சரி, போவோம் என்று போனார்.

முதல் நாள் ஒரு படிவம் நிரப்பினார்கள். புகையிலை உண்டா, வெற்றிலை பாக்கு உண்டா, பீடி சிகரெட் உண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். "ஆள் சுத்தம்" என்று பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த கௌசிக் என்ற பையனே எட்டிப் பார்த்துச் சொல்லி, படிவத்தில் பச்சைக் கோடு போட்டான். பச்சைக் கோடு விழுந்தால் வாய்ப்புற்று பற்றிய பேச்சே இல்லை, நேராகப் பல்செட் வேலைதான். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

தன்யஸ்ரீ மட்டும் அவரை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னால் நின்று, இரண்டு கையாலும் தாடைக்கு அடியில் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு கழுத்து. வலது பக்கம் வந்ததும் கை நின்றது.

"தாத்தா, இந்தக் கட்டி எத்தனை நாளா இருக்கு?"

"அதுவா? மூணு மாசம் இருக்கும். நெறி கட்டியிருக்கு. வலியெல்லாம் இல்ல."

"வலி இல்லைல?"

"இல்லங்கிறேன்."

வலி இல்லை என்றால் மனுஷர்களுக்கு முகம் தெளியும். இவளுக்கு இருண்டது. ஐகோர்ட்துரை அதைக் கவனித்தார். சத்தம் போடாமல் ஆயில் ஒழுகுகிற இஞ்சினைப் பார்த்தால் தன் முகமும் இப்படித்தான் போகும் என்று தோன்றியது.

அவள் கையுறையை மாற்றிக்கொண்டு, விரலை நாக்கின் அடிவேர் வரைக்கும் விட்டுத் தடவினாள். குமட்டியது. கண்ணில் தண்ணீர் வந்தது. "பல்லு அங்ஙன எங்கட்டி முளைக்கும்?" என்று கத்தினார். அவள் கையுறையைக் கழற்றினாள். போய் வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

வாத்தியார் பார்த்தார், படிவத்தையும் பார்த்தார். "பொகையில பழக்கமே இல்லையே. தொண்டைக்குள்ள பாக்குறது நம்ம வேலை இல்லம்மா. பன்னிரண்டு நாள்ல பரீட்சை. செட்டை முடி. அப்புறமா தொண்டை டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடு."

"சார், பொகையில இல்லாதவங்களுக்கு வர்றது இருக்கே. ஹெச்.பி.வி. வைரஸ்ல வர்றது."

"அது பொம்பளைங்களுக்கு வர்றது."

கேட்டுக்கொண்டிருந்த கௌசிக் தலையாட்டினான். அவன் படித்ததும் அதுதான். அந்த வகுப்பில் நாற்பது பேர் படித்ததும் அதுதான்.

வாத்தியார் போனதும் தன்யஸ்ரீ ஒரு சின்ன கப்பை நீட்டினாள். "தாத்தா, இதுல துப்புங்க. மெஷின்ல வைக்கணும்."

ஐகோர்ட்துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த மெஷினைத் தெரியாதவர் யார்? எச்சில் கடிகாரம். எச்சிலை ஊற்றினால், ஆண் பெண் சேர்க்கையில் தொத்துகிற அந்த வைரஸ் உடம்பில் இருக்கிறதா, எந்த வருஷம் வந்தது என்று சீட்டு அடித்துக் கொடுக்கும். நோயை முன்னாலேயே பிடிக்கத்தான் செய்தார்களாம். ஊர் அதைக் கல்யாணத்துக்குப் பிடித்துக்கொண்டது. ஜாதகத்தோடு சீட்டும் கேட்டார்கள். தபால் தந்தி காலனியில் நல்லபடியாக வாழ்ந்த ஒரு குடும்பம், சீட்டில் வந்த ஒரு வருஷத்தால் இரண்டாகப் பிரிந்தது. அதிலிருந்து நோய் உள்ளவனும் துப்பவில்லை, நோய் இல்லாதவனும் துப்பவில்லை. கடிகாரம் வந்த பிறகுதான் ஆட்கள் நோய் முற்றிப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பெரிய மூளைக்காரர்கள் செய்கிற காரியம் எப்போதும் இப்படித்தான்.

"நான் என்ன மாப்பிள்ளையாவா போறேன்? எனக்கு எதுக்கு?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "தாத்தா, ஒளிக்காம சொல்றேன். உங்க கழுத்துல இருக்கிறது புற்றுநோயா இருக்கலாம். நாக்கோட அடிவேர்ல ஆரம்பிச்சு கழுத்துக்கு இறங்கியிருக்கலாம். இல்லாமலும் போகலாம். வைரஸ் இருக்குன்னு தெரிஞ்சா பெரிய ஆஸ்பத்திரியில இன்னைக்கே சேத்துக்குவாங்க. வெறும் சீட்டு எழுதிக் கொடுத்தா ரெண்டு மாசம் வரிசையில நிக்கணும்."

"அப்ப ஒன் செட்டு?"

"போச்சு."

"பரீட்ச?"

"ஆறு மாசம் கழிச்சு எழுதிக்கிறேன். அதுக்குள்ள வேற பொக்கை கிடைக்கும்."

நாற்பது வருஷத்தில் ஐகோர்ட்துரை இப்படி ஒரு வியாபாரம் பார்த்ததில்லை. தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே உண்மையைச் சொல்கிற ஆளிடம் என்ன சூது இருக்க முடியும் என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. துப்பினார்.

சீட்டு வந்தது. வைரஸ் உண்டு. தொண்டையில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அடியில் பெரிய எழுத்தில்: 2021.

சீட்டுக் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னாலிருந்த ஆள் மனப்பாடமாக ஒப்பித்தான். "ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுல தொத்தியிருக்கு. வீட்டுக்காரம்மா பேருக்கு ஒரு நகல் ஒரு வாரத்துல போகும். அவங்களும் வந்து துப்பணும். சட்டம்."

தன்யஸ்ரீ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஐகோர்ட்துரை நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளாமல் வெளியே போய்விட்டார்.

இருபத்தொன்று.

கல்யாணம் 2003-இல். அதற்குப் பிறகு வேறு ஒரு பெண்ணை அவர் தொட்டதில்லை. இது சத்தியம். அப்படியானால் 2021-இல் எங்கிருந்து வந்தது? அந்த வருஷம் மாசியில் லாரியிலிருந்து இறக்கிய கியர்பாக்ஸ் விழுந்து அவருடைய தொடை எலும்பு முறிந்தது. எட்டு மாதம் படுக்கை. வீட்டில் உலை வைக்க வழி இல்லை. பெண்டாட்டி செல்லக்கனி பிள்ளைகளையும் அவரையும் தன் தாயின் பொறுப்பில் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். மாதம் ஒரு தடவை வருவாள். அவரைக் குளிப்பாட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, மறுநாள் பஸ் ஏறிவிடுவாள்.

அந்த எட்டு மாதத்தைத்தான் அவர் இப்போது ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிப் பார்த்தார். கம்பெனி சூப்பர்வைசர் ஒருவனைப் பற்றி அவள் ஒரு தடவை நல்லபடியாகச் சொன்னாள் அல்லவா? ஆடிக்கு வராமல் ஓவர்டைம் என்றாள் அல்லவா? அன்றைக்கு நெஞ்சு குளிர்ந்த சங்கதிகள் எல்லாம் இன்றைக்கு வேறு முகம் காட்டின. சந்தேகம் என்பது துரு மாதிரி. நல்ல இரும்பு, கெட்ட இரும்பு என்று பார்க்காது.

நான்கு நாள் அவர் செல்லக்கனியோடு பேசவில்லை. அவள் வைத்த கஞ்சியைத் தொடவில்லை. கடைத்தெருவில் இட்லி வாங்கிப் பிசைந்து விழுங்கினார்.

"மீன் கொழம்பு பிடிக்கலையா? நெத்திலி வாங்கட்டா? எதுக்கு இப்படிக் கெடந்து சாவுதிய?" என்று அவள் கேட்டாள். அவர் சுவரைப் பார்த்தார். கேட்டுவிட்டால் நாற்பது வருஷ வாழ்க்கை முடிந்தது. கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே அவளும் துப்ப வேண்டும், ஊரே அறியும். போகாமல் இருந்தால் கட்டி வளரும். வளரட்டும் என்று இருந்தார். நகல் வருவதற்கு இன்னும் மூன்று நாள். அதற்குள் செத்தாலும் பரவாயில்லை என்று ஒரு கோபம்.

போன் காலை ஏழரைக்கு அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அவருடைய பழைய பட்டறைக்குத் தன்யஸ்ரீ வந்து நின்றாள். இப்போது அதை மகன் நடத்துகிறான். ஐகோர்ட்துரை சும்மா ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தார்.

"தாத்தா, அறிவிருக்கா உங்களுக்கு?"

"மரியாத, மரியாத."

"அஞ்சு நாளு. இந்த நோயி சொன்ன பேச்சு கேக்குற நோயி. பொகையிலயில வர்றத விட இது மருந்துக்கு நல்லா அடங்கும். சீக்கிரம் போனா பொழைச்சுக்குவீங்க. நீங்க என்னடான்னா டயர்ல உக்காந்து காத்து வாங்குறீங்க."

மகன் அந்தப் பக்கம் கிரைண்டிங் மெஷினில் இருந்தான். அந்தச் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்காது. ஐகோர்ட்துரை மடியிலிருந்து சீட்டை எடுத்து அவள் முன்னால் எறிந்தார். "பொழைச்சு? என் பொண்டாட்டிகூட வாழுறதுக்கா? இருபத்தொண்ணுல எவளும் என்கிட்ட வரல. அவதான் வெளியூரு போனா. போதுமா?"

அவளுக்கு விஷயம் புரிந்தது. பிறகு தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட இரண்டு சீட்டுகளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"படிங்க."

முதல் சீட்டில் தன்யஸ்ரீ என்று பெயர். வைரஸ் உண்டு. 2038. இரண்டாவதிலும் தன்யஸ்ரீ. வைரஸ் உண்டு. 2041. இரண்டிலும் தேதி ஒன்றே. முதலாவது காலை பத்தரை, அடுத்தது மத்தியானம் மூன்று மணி.

"தை மாசம் எங்களுக்கு மெஷின் சொல்லிக் கொடுத்தாங்க. எல்லாரும் துப்பிப் பழகினோம். எனக்கு மட்டும் இப்படி வந்துச்சு. நம்பாம மறுபடி துப்பினேன். வேற வருஷம் வந்துச்சு. மெஷின் கோளாறுன்னு சார் சொல்லிட்டாரு. ஆனா ஹாஸ்டல்ல என் டம்ளரைத் தனியா வச்சுட்டாங்க. எனக்குப் பேசி வச்சிருந்த எடமும் நின்னுபோச்சு."

கல்யாணம் ஆகாத ஒரு பெண். இந்தக் காகிதம் நாலு பேர் கையில் சிக்கினால் அவள் பெயர் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதை ஓர் அந்நிய ஆம்பிளையிடம், அதுவும் இவரைப் போல எதையும் நம்பாத ஆளிடம், கையில் கொடுத்துவிட்டு நிற்கிறாள். எப்படி வந்தது என்று கேட்க அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விட்டார்.

"அப்புறம்தான் மெஷின் கம்பெனிக்காரன் புஸ்தகத்தை முழுசா படிச்சேன். இந்த வைரஸ் உடம்புக்குள்ள பெருகும்போது தன் மேலயே சின்னச் சின்னக் கீறல் போட்டுக்கும். மெஷின் அந்தக் கீறலை எண்ணி வருஷம் சொல்லுது. ஆனா வைரஸ் தூங்கவும் செய்யும் தாத்தா. பத்து வருஷம், இருவது வருஷம்கூடத் தூங்கும். ஒரு துப்புல ஓடினது வரும், அடுத்ததுல தூங்கினது வரும், அதான் எனக்கு ரெண்டு வருஷம். நூத்தி அறுபதாம் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கான். எங்க கைடுல அந்தப் பக்கத்தை விட்டுட்டாங்க. நாங்க பரீட்சைக்கு கைடுதான் படிப்போம். ஜன்னல்ல இருக்கிறவரும் கைடைத்தான் ஒப்பிக்கிறாரு."

ஐகோர்ட்துரை சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரு. அது கீறலைத்தான் எண்ணுது?"

"ஆமா."

"தூங்குறப்ப கீறல் விழாது?"

"விழாது."

"அப்ப இது வருஷம் இல்லட்டி. ஓடுன கிலோமீட்டர். ஷெட்டுல இருவது வருஷம் நிறுத்தி வச்ச வண்டிக்கு மீட்டர் ஏறாது. மீட்டரப் பாத்து வண்டி எப்ப வாங்குனதுன்னு சொல்லுறவன் மடையன்."

"அதேதான்! இதை நான் சார்கிட்ட இப்படிச் சொல்லியிருக்கணும்."

"மீட்டரை நம்பாதன்னு நாப்பது வருஷமா நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார் ஐகோர்ட்துரை. எந்த மீட்டரையும் நம்பாதவர், தன் பெண்டாட்டிக்கு எதிராகப் பேசிய ஒன்றை மட்டும் ஒரே நாளில் நம்பிவிட்டார்.

"அப்ப எப்பதான் வந்திருக்கும்?"

"2021-க்கு முன்னாடி எப்ப வேணும்னாலும். கல்யாணத்துக்கு முன்னாடிகூட. யார்கிட்ட இருந்துன்னு எந்த மெஷினும் சொல்ல முடியாது."

கல்யாணத்துக்கு முன்னாடி.

1998. அவருக்கு இருபத்திரண்டு வயது. மங்களூருக்கு ஓடு ஏற்றப்போன லாரியில் கிளீனர். மலைப்பாதையில் மண் சரிந்து ஒரு வாரம் வண்டி நின்றது. விடாத மழை. டீக்கடைக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. டிரைவர் அவரையும் கூட்டிக்கொண்டு போனான். முகம்கூட ஞாபகம் இல்லை. அதை அவர் எந்தக் கணக்கிலும் வைத்ததில்லை. மழையில் நனைந்த மாதிரி, காய்ந்ததும் மறந்துவிட்டார்.

அவர் முகம் போன போக்கை அந்தப் பெண் பார்த்தாள். அவளும் எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கடிதத்தை மட்டும் அவர் சட்டைப் பைக்குள் செருகினாள். அவளுடைய இரண்டு சீட்டுகளையும் அவர் பத்திரமாக உறையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். சாமி படத்தைக் கொடுக்கிற மாதிரி.

மறுநாள் செல்லக்கனியைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். கழுத்தில் கட்டி என்று மட்டும் சொல்லியிருந்தார். அவள் பஸ்ஸில் வழியெல்லாம் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். "நானும் குருடிதான். இத்தன நாளு பக்கத்துல படுத்துக் கெடந்துருக்கேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் சுத்தியல் அடி.

கட்டியில் ஊசி குத்திச் சதையும், ஸ்கேனில் படமும் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். "நல்ல நேரத்துல வந்தீங்க. யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள். "பல்லு காலேஜிலயா? பொகையில போடாத ஆளுக்கு அங்க கழுத்தத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டாங்களே. அந்தப் பொண்ணு பேரு என்ன?"

ஐகோர்ட்துரை பேரைச் சொன்னார். திணறாமல், முழுசாக, அழுத்திச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது நர்ஸ் வந்து செல்லக்கனியிடம் ஒரு சின்ன கப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"எனக்கு எதுக்குங்க இது? எனக்கு என்ன நோவு?"

"நீயும் துப்பணுமாம்" என்றார் அவர். "துப்புறதுக்கு முன்னால ஒண்ணு கேளு. இந்த நோவு பொம்பள சேர்க்கையில வர்ற வைரஸ். வருஷத்தையும் போட்டு ஒரு சீட்டு தருவான். அத நம்பாத. ஒன்கிட்ட ஏதாச்சும் வந்திருந்தா அது என்கிட்ட இருந்து வந்ததுன்னு வச்சுக்கோ. கல்யாணத்துக்கு அஞ்சு வருஷம் முந்தி, மங்களூர்ல…" முழுக்கச் சொன்னார். மழை, மண் சரிவு, டீக்கடை எல்லாம். வயது அறுபத்தாறில் பொக்கை வாயோடு சொல்வதற்கு அசிங்கமாகத்தான் இருந்தது.

செல்லக்கனி கப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என் சீட்டுல இருபத்தொண்ணுன்னு போட்டிருந்தான்" என்றார் கடைசியில். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் பாதி உண்மையோடு நிறுத்த அவருக்கு வரவில்லை. அந்தப் பெண் கெடுத்துவிட்டிருந்தாள்.

"இருபத்தொண்ணா?" அவள் யோசித்தாள். "நான் திருப்பூருல கெடந்த வருஷம்."

அவர் தலையைக் குனிந்தார்.

"அதான் கஞ்சியத் தொடலையா?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"மங்களூரு கெடக்கட்டும்" என்றாள் செல்லக்கனி மெல்ல. "அப்ப நீங்க யாரோ, நான் யாரோ. எளவட்டம், மழ, போனீய. விட்டுத் தள்ளுங்க. நாலு நாளு என் சோத்தத் தொடாம, என்னைய என்னன்னு நெனச்சுக்கிட்டு இருந்தீய? எட்டு மாசம் கம்பெனியில நின்ன கால்ல நின்னு, கால் வீங்கி, மாசா மாசம் வந்து ஒங்க பீ மூத்திரம் அள்ளுன வருஷத்தையா நெனச்சீய? அந்த நாலு நாளுக்குப் பதில் சொல்லுங்க."

ஐகோர்ட்துரை வாயைத் திறந்தார். பல்லும் இல்லை, சொல்லும் இல்லை.

அவள் எழுந்து போய்க் கப்பில் துப்பி ஜன்னலில் வைத்தாள். ஜன்னலில் இருந்தவன் சீட்டுக்கு நிற்கச் சொன்னான். "நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, பெஞ்சின் அந்தக் கடைசியில் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். நடுவில் மூன்று ஆள் உட்காரலாம். அவருடைய ஃபைலை மட்டும் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். "ஐகோர்ட்துரை! முப்பத்தஞ்சு நாள் கரண்டு, அதான் ரேடியேஷன், வைக்கணும். தினமும் கூட ஒரு ஆள் வரணும். கூட வந்திருக்கிறது யாரு?"

அவர் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

"நான்தான்" என்றாள் செல்லக்கனி. முகத்தைத் திருப்பாமலே கையைத் தூக்கினாள். "முப்பத்தஞ்சு நாளும் நான்தான் வருவேன். எழுதிக்கோங்க. இவிய மொதல்ல பொழைச்சு வரட்டும். எனக்கு ஒரு பதில் வர வேண்டியிருக்கு."